வெறும் சொம்பு

ஊரிலேயே அதிகமாகத் தண்ணீர் கொடுத்தவர் என்று ஒரு பெண்ணுக்குப் பரிசு கொடுக்கப் போனேன். போன இடத்தில்தான், அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருப்பது நானே என்று தெரிந்தது. சான்றிதழையும் சால்வையையும் எங்கே வைப்பது என்று புரியாமல் அந்தச் சமையலறையில் நின்றேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் பூங்கோதை, சொந்த ஊர் தாராபுரம் பக்கம். தூத்துக்குடியில் கடல்நீர்க் கழகம் என்று ஒன்று இருக்கிறது. அதில் நடத்தைப் பிரிவுக்கு நான் தலைவி. அதட்டாமல், அபராதம் போடாமல், மனிதர்களாகவே நல்லது செய்யும்படி பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. கேட்க அழகாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால், மாட்டுக்கு முன்னால் புல்லைக் காட்டிக்கொண்டே நடக்கிற பிழைப்பு.

ஆறு கடைசியாகக் கடலைத் தொட்டு ஒன்பது வருடமாகியிருந்த காலம் அது. கடல் தண்ணீரைக் குடிநீராக்கித்தான் ஊர் உயிர் வாழ்ந்தது. வீட்டுக்கு நாளொன்றுக்கு எண்பது லிட்டர். ஒவ்வொரு சமையலறைச் சுவரிலும் ஒரு பலகை இருக்கும். எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். வாரம் முழுக்க மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மாலை உப்பளத்துப் பெரிய தொட்டிக்குப் போய்ச் சேரும். உப்பளத்தில் ஆயிரத்து இருநூறு குடும்பம். அங்கே குழாய் போடவே இல்லை, அந்தத் தொட்டிதான் எல்லாம். ஊர் மிச்சம் பிடித்தால் அவர்கள் குடிப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை. ஆக, ஊரை மிச்சம் பிடிக்க வைக்க வேண்டியது என் பொறுப்பு.

என் முதல் யோசனை படுதோல்வி. "உங்கள் தெருவில் மற்றவர்கள் உங்களைவிடக் குறைவாகச் செலவழிக்கிறார்கள்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு வாடிய முகத்தைப் போட்டேன். ஒரே வாரத்தில் பாதி ஊர் அந்த முகத்தின் மேல் சாமி காலண்டரைத் தொங்கவிட்டுவிட்டது. அடுத்து உப்பளத்துப் பிள்ளைகளின் படங்களைக் காட்டினேன். மூன்று நாள் வேலை செய்தது, நான்காம் நாள் பழகிப் போய்விட்டார்கள். கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, பலகையில் "கொடு" என்று ஒரு பொத்தானை மட்டும் வைத்தேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் போதவில்லை என்றால் உங்கள் பங்கிலிருந்து கொடுக்கலாம், அவ்வளவுதான்.

பத்தே நாளில் ஒரு விசித்திரம் நடந்தது. தினமும் காலையில் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று ஊர் முழுக்கத் தண்ணீர் கைமாறிக்கொண்டிருந்தது. தேவையே இல்லாத வீடுகளுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. எவனோ பலகையை ஏமாற்றுகிறான் என்று எனக்குச் சுருக்கென்று கோபம். ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, எதற்காக அரை லிட்டர் அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"போன வாரம் எம் பிள்ளைக்குக் காய்ச்சல்னு அவிய ரெண்டு லிட்டர் குடுத்தாவ. பாத்திரத்தை வெறுமையாவா திருப்பிக் குடுக்க?" என்றாள் அந்த அம்மாள். கேள்வியே அவளுக்கு அசட்டுத்தனமாகப் பட்டிருக்க வேண்டும், போனை வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தானே. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் பாயசம் வந்தால், அதே கிண்ணத்தில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் என் அம்மா திருப்பி அனுப்புவாள். இங்கே கிண்ணமே இல்லை, சுவரில் வெறும் எண்தான் மாறுகிறது. ஆனாலும் இந்த ஊர் அந்த எண்ணைக் கிண்ணமாகவே நினைத்துவிட்டது. ஒரு லிட்டரை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து பார்த்தேன். ஒன்பது நாளில் நாற்பத்தோரு வீடு சுற்றியிருந்தது. அடுத்தவர் அன்பாகக் கொடுத்ததைச் சட்டென்று செலவழிக்க ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. எடுத்து வைத்து, இன்னொருவருக்குக் கொடுத்து, கடைசியில் அது ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் போய் விழுந்திருந்தது. இருபது வருடம் படித்த படிப்பில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் புத்தி நிற்கவில்லை.

ஊருக்குள் தானாக ஓடுகிற ஒன்றைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் இன்னும் வேகமாக ஓடும் அல்லவா. பலகையில் ஒரு சொம்புப் படம் வரைந்தேன். யாராவது உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தால், அவர்கள் பெயரோடு ஒரு வெறும் சொம்பு உங்கள் பலகையில் வந்து உட்காரும். நீங்கள் திருப்பிக் கொடுத்தால் அது நிறையும். அதிலும் ஒரு சூது வைத்தேன். வாங்கினதைவிடக் கால் பங்கு கூடக் கொடுத்தால்தான் சொம்பு கழுத்துவரை நிறையும். அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. குளியல் அரை வாளியானது, பாத்திரம் கழுவின தண்ணீர் செடிக்குப் போனது. தொட்டியின் மட்டம் மாதா மாதம் ஏறியது. இயக்குநர் அருள்செல்வன் என்னைக் கூப்பிட்டு, "பூங்கோதை, நீங்க மந்திரவாதிங்க" என்றார். நானும் மறுக்கவில்லை.

அந்தப் பட்டியலில் முதலிடம் முத்துக்குளி நகர் மூன்றாம் மாடி, சுடலைவடிவு. அவளுக்குத்தான் சால்வையோடு போனேன்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. முகம் உப்பியிருந்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு நின்றாள். "வாங்க, உக்காருங்க" என்று சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். கூடத்து மூலையில் ஓர் இயந்திரம், அதன் மேல் பூப்போட்ட துணி மூடியிருந்தது.

"அது என்னங்க?" என்று கேட்டேன்.

"ரத்தம் சுத்தம் பண்ணுத மிஷினு. எனக்குக் கிட்னி ரெண்டும் போயாச்சு. அதுக்குன்னு கழகத்துலேர்ந்து தனியாவே தண்ணி தாராவ, குறை சொல்லக் கூடாது."

"வாரத்துக்கு எத்தனை தடவை போடணும்?"

"மூணு."

"போடறீங்களா?"

அவள் துணியின் ஓரத்தைச் சரிசெய்தாள். சமையலறைப் பலகையை நான் எட்டிப் பார்த்தேன். எட்டு வெறும் சொம்புகள் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. அந்த மாடியில் இருந்த மற்ற எட்டு வீடும், உடம்பு முடியாதவள் என்று அவளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்திருந்தது. அவள் ஒவ்வொருவருக்கும் கால் பங்கு கூட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் அதற்கும் மேலே கூட்டி மறுபடி கொடுத்திருக்கிறார்கள். மற்ற வீடுகள் குளிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்தன. இவள் இயந்திரத்துத் தண்ணீரில் பிடித்திருந்தாள்.

"ஒரு தடவைதான் போடுதேன்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டே. "எட்டுச் சொம்பு வெறுமையாக் கெடக்கும்போது, நான் மட்டும் எப்படி மேடம் மிஷினைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க?"

உடனே கையிலிருந்த கருவியில் அலுவலகக் கணக்கைத் திறந்து அந்த எட்டுச் சொம்பையும் அழித்தேன். அவள் பலகையில் "கொடு" பொத்தானையும் எடுத்துவிட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்தால், அவள் கண் நிறைய நீரோடு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்தை அழிச்சிட்டா, வாங்கினது இல்லைன்னு ஆயிருமா?" என்று கேட்டாள். "அப்போ இந்த வீட்டுக்கு வாங்குத கை மட்டும்தானா?"

"உங்க உசிருங்க அது. இப்படியே போனா இன்னும் ரெண்டு வாரம் தாங்காதுங்க."

"நான் பன்னெண்டு வருசம் உப்பளத்துல வாருபலகை இழுத்து உப்பு வாரினவ மேடம். குடிக்கத் தண்ணி இல்லாமத்தான் என் கிட்னி போச்சு. இப்போ அங்க நிக்குத பிள்ளைகளுக்குப் போற தண்ணி இது. திருப்பிக் குடுக்க முடியாத தண்ணிய நான் தொட மாட்டேன். எடுத்துட்டுப் போங்க." இயந்திரத்தின் மேல் கிடந்த துணியை இன்னும் நன்றாக இழுத்துவிட்டாள்.

என் படிப்பு, பட்டம், பட்டியல் எல்லாம் அந்தத் துணிக்கு முன்னால் செல்லாக் காசாகிவிட்டது. வேறு வழி தெரியாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

எதிர்வீட்டு ரெஜினாள் மீன் வலைக் கம்பெனியில் மேற்பார்வையாளர். ஐம்பது வயது, கனத்த குரல். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாளே பாவி மவ" என்று முதலில் வடிவைத் திட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க படிச்சவியதானே? பாத்திரத்துல என்னத்தையாவது போட்டுக் குடுக்கணும்னுதான் எங்களுக்குத் தெரியும். வாங்கினதுக்கு மேல குடுக்கணும்னு யாரு சொன்னா? ஒரு கறிவேப்பிலைக் கொத்து போட்டாலும் அது நிறைஞ்ச பாத்திரம்தான். அதுல போய் அளவு வச்சது நீங்கதானா?"

"நாந்தாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல.

"அவளுக்கு நாங்க குடுக்கவும் வேணும், அவ திருப்பிக் குடுக்கவும் கூடாது. அதானே?" ரெஜினாள் வடிவின் கதவைப் பார்த்தாள். "அவ பொறந்த ஊரு எது தெரியுமா உங்களுக்கு? புன்னைத்துறை. கடலுக்குள்ள கெடக்கு. ஆயி அப்பன், கூடப் பொறந்தவன், எல்லாரும் போயாச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க. சால்வைய வீட்டுல வச்சிட்டு வாங்க."

நாலு மணிக்குப் போனேன். எட்டு வீட்டு ஆட்களும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். கையில் தாம்பாளங்கள். ஒன்றில் வெற்றிலை பாக்கு, ஒன்றில் பூ, ஒன்றில் மஞ்சள் குங்குமம், ஒன்றில் சேலை, ஒன்றில் மாம்பழம். எல்லாருக்கும் முன்னால் ரெஜினாள் இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு நின்றாள். பலகையில் வந்த எண் இல்லை, பிடித்து வைத்த நிஜத் தண்ணீர், தளும்பி அவள் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது.

வடிவு கதவைத் திறந்து திகைத்துப் போனாள்.

"என்னக்கா இது?"

"பொறந்த வீட்டுச் சீரு" என்றாள் ரெஜினாள். "இன்னையிலேர்ந்து இந்த எட்டு வீடும் உனக்குப் பொறந்த வீடு. இனி இங்கேயிருந்து வர்ற தண்ணி சீராத்தான் வரும். ஆயி வீட்டுச் சீரை எவளாவது திருப்பிக் குடுப்பாளா? குடுத்தா அது எங்களை அவமானப்படுத்துதது, பாத்துக்க."

வடிவு அசையவே இல்லை. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவள் தாம்பாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாம்பழத் தட்டில் பார்வை நின்றது.

"எட்டு வீடு சேந்து வந்து, மாம்பழம் ரெண்டுதானா?" என்றாள்.

ரெஜினாள் ஓவென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பின்னால் நின்ற பெண்களெல்லாம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். சீரில் குறை சொல்ல உரிமை உள்ளவள் பிறந்த வீட்டுப் பெண் ஒருத்திதான். குறை சொல்லிவிட்டாள் என்றால் வாங்கிக்கொண்டாள் என்று பொருள். இதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

குடத்துத் தண்ணீரை அவளே இயந்திரத்தின் சுத்திகரிப்புத் தொட்டியில் ஊற்றினாள். பூப்போட்ட துணியை மடித்து அலமாரியில் வைத்தாள். இயந்திரம் ஓட ஆரம்பித்த பிறகு, நாற்காலியில் சாய்ந்தபடி என்னைக் கேட்டாள். "உங்களுக்குச் சீரு வருமா மேடம்?"

"அம்மா இருந்தவரைக்கும் வந்துச்சுங்க. அதுக்கப்புறம் அண்ணன் வீட்டை வித்துட்டாரு. பொங்கலுக்குக் கூட ஒண்ணும் இல்லை, ஆறு வருசமாச்சு." ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் இயக்குநர் அறையில் பெரிய சண்டை. ஊர் முழுக்க எல்லாப் பலகையிலிருந்தும் சொம்பை எடுக்கப் போகிறேன் என்றேன். அதற்குப் பதிலாக "பிறந்த வீட்டிலிருந்து" என்று இன்னொரு பொத்தான். அதை அழுத்திக் கொடுத்தால் வாங்கியவர் திருப்பித் தர வேண்டியதே இல்லை, தரவும் முடியாது.

"யோசிச்சுத்தான் பேசறீங்களா?" என்றார் அருள்செல்வன். "திருப்பித் தரணும்கிற உறுத்தல்தான் இத்தனை தண்ணியை மிச்சம் பிடிச்சுது. அதையும் எடுத்துட்டா ஞாயித்துக்கிழமை தொட்டி காஞ்சிடும். ஆயிரத்து இருநூறு குடும்பம், பூங்கோதை."

"அந்த உறுத்தலை நான்தான் சார் பெருசாக்கினேன். வடிவு மாதிரி இன்னும் எத்தனை வீட்ல எத்தனை பேருன்னு நமக்குத் தெரியாது. பட்டியல்ல அவங்கதான் மேல இருப்பாங்க, நாம சால்வை எடுத்துட்டுப் போவோம்."

எங்கள் கணிப்பு நிரலிடமும் கேட்டுப் பார்த்தோம். தொட்டியில் பாதிகூட வராது என்று அது அடித்துச் சொன்னது. அருள்செல்வன் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, "ஒரே வாரம். பொறுப்பு உங்களோடது" என்றார். அன்று மாலையே சொம்புகள் ஊரிலிருந்து மறைந்தன.

அந்த வாரம் நான் பலகைக் கணக்கையே திறக்கவில்லை. துணிச்சல் இல்லை, அதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை மாலை நேராக உப்பளத்துக்கே போய்விட்டேன். தொட்டி வறண்டால், அதைக் குடிக்கிறவர்கள் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியது என் கடமை என்று தோன்றியது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உப்புக் குவியல்கள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. தொட்டியைச் சுற்றிப் பெண்களும் ஆண்களும் குடங்களோடு காத்திருந்தார்கள். ஐந்தரை மணிக்குக் குழாய் திறந்தது. முதலில் காற்று மட்டும் சீறியது. அப்புறம் தண்ணீர் வந்தது. தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் கால் மட்டம், அரை மட்டம். எப்போதும் நிற்கிற சிவப்புக் கோட்டைத் தாண்டியும் ஏறியது. யாரும் குடத்தை வைக்கவில்லை, எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி விளிம்பைத் தொட்டு, தயங்கி, பிறகு நாலு பக்கமும் வழிந்தது. அந்தத் தொட்டி கட்டின நாளிலிருந்து வழிந்ததே கிடையாது. ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு நனைந்த மண்ணில் நின்றார். அடுத்தடுத்து எல்லாரும் கழற்றினார்கள். கோயிலுக்குள் நிற்பது போல இருந்தது. நானும் கழற்றினேன்.

அங்கேயே நின்று கணக்கைத் திறந்தேன். பதினோராயிரம் வீடு அந்தப் புதிய பொத்தானை அழுத்தியிருந்தது. கொடுப்பது பக்கத்து வீட்டுக்கா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. யாருக்கு என்ற இடத்தில், ஒருவர் சொல்லி ஒருவராக, ஊரே ஒரே பெயரை எழுதியிருந்தது: உப்பளம். அருள்செல்வனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "நிரல்ல இதுக்கு என்ன காரணம்னு எழுதறது?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை, காப்பி போட எழுந்தவள் என் வீட்டுப் பலகையைப் பார்த்தேன். என் பலகைக்கு யாரும் எதுவும் அனுப்பியதில்லை. கழகத்து அதிகாரி வீடு, யார் அனுப்புவார்கள். அன்று ஒரு வரி இருந்தது.

"பிறந்த வீட்டிலிருந்து: ஒரு டம்ளர். அனுப்பியவர் சுடலைவடிவு, முத்துக்குளி நகர்."

சுரீரென்றது. முதல் வேலையாக அவள் இயந்திரத்தின் பதிவைத் திறந்தேன். அந்த வாரம் மூன்று தடவை, முழு நேரமும் ஓடியிருந்தது. மருத்துவர் குறிப்பில் வீக்கம் வடிந்துவிட்டது என்று இருந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது. திருப்பி அனுப்ப விரலை நீட்டினேன். பொத்தான் வேலை செய்யவில்லை. சீருக்குத் திருப்பிக் கொடுப்பது கிடையாது என்று விதி எழுதியவளே நான்தானே.

ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்து மேசையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கே கொடுக்கக் கற்றுத் தருகிறேன் என்று வந்தவள். வாங்கிக்கொள்வது எப்படி என்பதே எனக்கு மறந்து ஆறு வருடமாகியிருந்தது.

குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் வடிவு.

செருமிக்கொண்டு, முடிந்த அளவு கோபமாகக் கேட்டேன்.

"ஏங்க, பொறந்த வீட்டுச் சீருன்னு ஒரு டம்ளர்தானா அனுப்புவீங்க?"